இர்மா என்றொரு விண்மீன் மண்டலம்

திருமண நாளை மறந்துவிட்டோம் என்பது எல்மர் பெட்கௌவுக்கு உறைத்தபோது, காப்பிக் கோப்பை வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. எதிரே அவர் மனைவி இர்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உனக்காக ஒரு கேலக்ஸியே கண்டுபிடிச்சு வெச்சிருக்கேன். உன் பேர்தான் வைக்கப் போறாங்க," என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

முழுப் பொய் இல்லை. கனடாவின் சாஸ்கடூன் நகரில் பனி வாரும் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றதிலிருந்து, வானத்தைப் புற ஊதா ஒளியில் எடுத்த படங்களைக் கணினியில் அலசுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. ஆர்வமுள்ள யாரும் தேடலாம் என்று இணையத்தில் போட்டிருந்த படங்கள். சாதாரணப் படத்தில் வெறும் வெள்ளை உருண்டையாகத் தெரிந்த ஒரு விண்மீன் மண்டலத்தைச் சுற்றி, புற ஊதாப் படத்தில் பெரிய வளையம் ஒன்று இருந்தது. போன வாரம் அதைக் கண்டு, அந்தத் தளத்தை நடத்தும் வானியல் பேராசிரியை மெலனி டூசெட்டுக்கு எழுதியிருந்தார். பெயர் சூட்டும் பேச்சு மட்டும் இன்று காலையில் பிறந்தது.

இர்மா அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு தங்கை வெர்னாவுக்குப் போன் போட்டாள். வெர்னாவிடம் சொன்னால் வானொலியில் சொன்ன மாதிரி. மாலைக்குள், அடுத்த வாரம் தேவாலயக் கூடத்தில் விருந்து என்று முடிவாகி, பேசுவதற்குப் பேராசிரியையையும் அழைத்துவிட்டார்கள்.

எல்மர் பதறிப்போய் பேராசிரியையைக் கூப்பிட்டார். அதற்கெல்லாம் எண்தான் தருவோம், செல்லமாக நீங்கள் எப்படி வேண்டுமானாலும் அழைத்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். எல்மருக்கு மூச்சு வந்தது. அதோடு போனை வைத்திருக்கலாம். அந்த கேலக்ஸி எப்படிப்பட்டது என்று கேட்டுத் தொலைத்தார்.

"ரொம்ப வயசானது. நல்ல பருமன். கதை முடிஞ்சுதுன்னு நெனச்சிருந்தோம். பக்கத்துல இருந்த குட்டி கேலக்ஸியை முழுங்கிட்டு இப்ப புதுசா மினுக்குது."

இதை இர்மாவின் பெயரோடு சேர்த்து ஊர் முன்னால் சொன்னால் என்ன ஆகும்?  அன்று சாப்பாட்டின்போது எல்மர், வெர்னாவின் பெயரை வைத்தால் என்ன என்று மெல்ல ஆரம்பித்தார். விருந்து நாள்வரை இர்மா அவரிடம் பேசவில்லை.

அழகானது என்று மட்டும் சொல்லும்படி பேராசிரியையிடம் கெஞ்சிப் பார்த்தார். சரி என்றுதான் சொன்னார் அவர். ஆனால் பெரோகிக் கொழுக்கட்டை சாப்பிட்டு முடித்து எழுந்தவர், பேச்சு சுவாரசியத்தில் வயதில் தொடங்கி, பருமனுக்கு வந்து, குட்டியை முழுங்கியதில் முடித்தார். கூடமே குலுங்கிச் சிரித்தது. இர்மா தலை நிமிராமல் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள்.

எல்மரால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றார். அத்தனை பேர் முன்னால் அவர் பேசியதே இல்லை.

"இர்மா பேர் வேண்டாங்க. அவ அப்படியெல்லாம் இல்ல. கிழடு, குண்டு, கதை முடிஞ்ச கேஸு, எல்லாம் எனக்குத்தான் பொருந்தும். என் பேரையே வெச்சிடுங்க."

பேராசிரியை குழப்பத்தோடு இர்மாவைப் பார்த்தார்.

"அதான் வெச்சாச்சே. எங்க தளத்துல பழைய பதிவுகளை இன்னிக்குக் காலையிலதான் துழாவினேன். போன வருஷமே இர்மா இதைக் கண்டுபிடிச்சு, 'எல்மர்'னு செல்லப் பேரும் வெச்சிருக்காங்க."