ஓட்டை இல்லாத போர்க்கொடி

நான் வாங்கிய போர்க்கொடியில் ஓட்டை இல்லை. கோளாறு அங்கேதான் ஆரம்பம்.

போருக்குப் போன கொடி என்றால் குண்டு துளைத்திருக்க வேண்டும். கறை படிந்திருக்க வேண்டும். இதுவோ புது மேசைவிரிப்பு மாதிரி மொழுமொழுவென்று இருந்தது. பெரிய சண்டையைப் பார்த்த கொடி என்று விற்றவன் சத்தியம் செய்தான். பார்த்திருக்கும். தூரத்தில் நின்று பார்த்திருக்கும்.

ஓய்வு பெற்றதும் சிலர் செடி வளர்ப்பார்கள். சிலர் சர்க்கரை வளர்ப்பார்கள். நான் போர்க்கொடி சேர்க்கிறேன். சின்ன அறையில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய. ஜெயித்தவன் கொடி, தோற்றவன் கொடி, எல்லாம் ஒரே அந்துருண்டை வாசனையில் சமாதானமாகக் கிடக்கின்றன.

சமாதானம் இல்லாதது வீட்டில்தான். என் மனைவிக்கு அந்த அறை வேண்டுமாம். தையல் மெஷின் போட.

"அடுப்புக்குப் பக்கத்துல வச்சு எத்தனை நாளைக்குத் தைக்கறது? வர்ற துணியெல்லாம் தாளிச்ச வாசனை அடிக்குது."

"அது சரித்திரம் இருக்கற ரூம்."

"அதுல இருக்கறது கந்தல்."

"கந்தல்னு சொல்லாதே."

"சரி. யாரோ அடிவாங்கினவங்களோட கந்தல்."

வாயைக் கொடுத்தேன். எங்கள் கொடி சேகரிப்போர் சங்கத் தலைவர் வந்து பார்த்து, புதுக் கொடி போரில் அடிபட்டதுதான் என்று சொல்லட்டும். சொன்னால் முன்னறைச் சுவரில் அதை மாட்டுவேன், சின்ன அறையும் எனக்கே. சொல்லாவிட்டால் பெட்டியைத் தூக்கிவிடுகிறேன் என்றேன்.

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"போர் வீரன் பேச்சு மாற மாட்டான்."

"நீங்க குமாஸ்தாவா இருந்தீங்க."

சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். கொடியையும் பல்லைப் போலவேதான் பார்ப்பார். ஓட்டை தேடுவது தொழில். ஓட்டை இல்லையென்றால் முகம் வாடிவிடும்.

எதிர்வீட்டு ரேடியோ மெக்கானிக்கிடம் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் இரவல் வாங்கினேன். சின்ன அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போரைத் தொடங்கினேன். முதல் குண்டு கொடியைத் துளைத்து மேசையையும் துளைத்தது. நல்ல துப்பாக்கி.

"என்னங்க, தீயிற வாசனை வருது?"

"சரித்திரம்."

"சரித்திரம் தீயுதா?"

"ஆமா."

"திரைச்சீலையில பிடிக்காம பாத்துக்குங்க."

வேறொன்றும் கேட்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒரு கேள்வியோடு நிறுத்துகிற பிறவி இல்லை அவள்.

ஓட்டைகளைச் சுற்றித் தேயிலைச் சாயம் தடவினேன். இரவெல்லாம் சாயம் காயட்டும் என்று விட்டுவிட்டு, மறுநாள் காலை முடிவெட்டப் போனேன். அன்றுதான் டாக்டர் வருகிறார், நிஜக் கொடி என்று சொல்லிவிட்டால் சான்றிதழோடு படம் எடுப்பார்கள். தலை ஒழுங்காக இருக்க வேண்டும்.

திரும்பி வந்தால், என் பனியனுக்கும் தலையணை உறைக்கும் நடுவில் போர்க்கொடி காய்கிறது. துவைத்த கொடி. ஓட்டை ஒவ்வொன்றும் நூலால் அடைத்துத் தைத்தாகிவிட்டது.

"என்ன பண்ணி வச்சிருக்கே?"

"ஓட்டையா இருந்துது. தைச்சேன்."

"அது குண்டு பட்ட ஓட்டை!"

"குண்டு நேத்துப் பட்டுதோ?"

அதற்குள் வாசலில் டாக்டரின் கார் நின்றது.

வெயிலில் காய்ந்துவிட்டிருந்த கொடியை உருவி வந்து கொடுத்தேன். டாக்டர் அதை மேசையில் விரித்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். குனிந்தார். நிமிரவே இல்லை. என் சின்ன அறை கண்ணெதிரே தையல் கடையாகிக்கொண்டிருந்தது.

"குண்டு ஓட்டையை எந்தப் பயலும் போட்டுடுவான் சார். ஒரு சால்டரிங் அயர்ன் போதும். மாசத்துக்கு ஒருத்தன் அப்படிக் கொண்டு வர்றான்."

நான் கூரையைப் பார்த்தேன்.

"ஆனா இந்தத் தையல்? ஏமாத்தறவன் கிழிப்பான் சார். தைக்க மாட்டான்." குரல் தழுதழுத்தது. "கோணலா ஓடியிருக்கு பாருங்க. எவ்வளவு அவசரம். எதிரி நெருங்கிட்டான்."

எதிரி அப்போது சலூனில் இருந்தான்.

"நெசமான போர்க்கொடி சார் இது."

ஜெயித்துவிட்டேன். மனைவியைப் பார்த்து மீசையைத் தடவினேன். அவள் டாக்டருக்கு டீ வைத்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"இவ்வளவு ஒசத்தியான கொடிய வீட்ல வச்சிருக்கலாமா டாக்டர்? ஈரம், பூச்சி..."

"கூடவே கூடாதும்மா. நெசம்னு தெரிஞ்சா சங்கத்துக் கண்ணாடி அலமாரிக்கு வந்துடணும். அதுதான் சங்கத்தோட புது விதி. கொடிக்குச் சொந்தக்காரரோட மத்த கொடிகளும்தான்."

"பெட்டி வாசல்ல இருக்கு. கயிறு போட்டுக் கட்டி வச்சிட்டேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் படைகள் அத்தனையும் காரில் ஏறிவிட்டன.

கார் தெருமுனை திரும்பியதும் கேட்டேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"டாக்டர் சம்சாரம் என்கிட்டதான் துணி தைக்கக் குடுக்கறாங்க. அலமாரி விதியும் அவங்க சொன்னதுதான். அவர் சங்கத்துக்குக் குடுத்த கொடியில ஒரு தையல் இருக்காம். அதை வர்றவங்களுக்கெல்லாம் காட்டிக் காட்டி அழுவாராம். தைச்சதே அவங்கதானாம். அவருக்கு இன்னும் தெரியாது."

"ஓட்டைய அப்படியே விட்டிருந்தாலே நான் தோத்திருப்பேனே. ரூம் உனக்குத்தானே?"

"தோத்திருந்தா வருஷம் பூரா மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பீங்க. யாரு பாக்கறது? ஜெயிச்சதாவே இருக்கட்டும். சுவரு உங்களுதுதான். மாட்டிக்குங்க."

சுவர் இருக்கிறது. ஆணியும் அடித்தேன். மாட்டக் கொடி இல்லை. இப்போது அதில் அவளுடைய அளவு நாடா தொங்குகிறது.

சங்கத்துக் கண்காட்சிக்கு இருவரும் போனோம். என் கொடி நட்டநடுவில். கீழே ஒரு அட்டை: "தைத்தவர்: பெயர் தெரியாத போர்வீரர்." ஜனம் தலைகுனிந்து நின்றது. டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற அவர் சம்சாரம் துடைத்துக்கொள்ளவில்லை. என் மனைவியைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

பெயர் தெரியாத போர்வீரருக்கு அவசரம். சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். சின்ன அறையில் துணி குவிந்து கிடக்கிறதாம். பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். முன்னால் போனது என் மனைவி.