ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய முள்ளம்பன்றி

ஒரு காட்டில் வேலாயி என்று ஒரு முள்ளம்பன்றி ஒரு லேப்டாப்பை வைத்துப் பிழைத்து வந்தது. மூங்கில் புதருக்கு அடியில் அதன் வளை. வளை வாசலில் கடை. மனு அடிப்பது, படிவம் நிரப்புவது, பாதரேகை எடுத்து அனுப்புவது எல்லாம் அங்கே நடக்கும்.

லேப்டாப் பழையது. பொத்தானை அமுக்கினால் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். வேலாயி போய் இரண்டு கிழங்கு தோண்டித் தின்றுவிட்டு வந்து பார்த்தால், வட்டம் அப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்தச் சமயத்தில் சிங்க அரசர் ஓர் உத்தரவு போட்டார். காட்டிலுள்ள வளைகளை எல்லாம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் பதிய வேண்டும். பதியாத வளை யாருக்கும் சொந்தமில்லை.

ஒரே நாளில் நாற்பத்தொரு குடும்பம் வேலாயி கடைக்கு வந்துவிட்டது. முதலில் நின்றது பொன்னுத்தாய் என்ற முயல். புருஷனைப் போன மாசம்தான் கழுகு தூக்கிக்கொண்டு போயிருந்தது. வளையில் ஏழு குட்டிகள், இன்னும் கண் திறக்கவில்லை.

"இந்த வளைய விட்டா எனக்குப் போக்கிடம் இல்லக்கா," என்றது.

"நான் இருக்கேன்ல," என்று வேலாயி சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் லேப்டாப்பைத் திரும்பிப் பார்த்தது.

பக்கத்துப் புற்றில் இருந்த மாசிலாமணி என்ற கீரிக்கு கம்ப்யூட்டர் விஷயம் தெரியும். திங்கட்கிழமை காலையிலேயே தன் வளையைத் தன் லேப்டாப்பில் பதிந்து முடித்திருந்தது. பதிவு எண் ஒன்று. அதை யாரும் கேட்காமலே எல்லோரிடமும் சொன்னது.

"அக்கா, டிஸ்க்கை ரெண்டாப் பிரிச்சிடுவோம்," என்றது கீரி. "பழைய சிஸ்டம் ஒரு பாகத்துல இருக்கட்டும். இன்னொரு பாகத்துல புதுசா ஒண்ணு போடுறேன். லேசானது, பறக்கும்."

"ஒரே வீட்டுல ரெண்டு இருந்தா சண்டை வராதா?"

"ஒரு நேரத்துல ஒண்ணுதான் முழிச்சிருக்கும். எப்படிச் சண்டை வரும்?"

கீரி பென்டிரைவைச் சொருகி அன்றைக்கே போட்டுக் கொடுத்தது. அதன்பின் லேப்டாப்பைத் திறந்தால் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் வரும். வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். புதிய சிஸ்டம் நிஜமாகவே பறந்தது. ஒரே ஒரு குறை, பாதரேகை எடுக்கும் கருவியை அதற்கு அடையாளம் தெரியவில்லை. அதனால் வேலாயி ஒரு திட்டம் போட்டது. படிவங்களைப் புதியதில் அடிப்பது. வெள்ளிக்கிழமை பழையதைத் திறந்து எல்லோருக்கும் பாதரேகை எடுத்து, மொத்தமாக அனுப்பிவிடுவது.

வெள்ளிக்கிழமை விடியும்போது நாற்பத்தொரு படிவமும் தயார். முள்ளம்பன்றிக்குப் பகலில்தான் தூக்கம். கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுத்தது. வெளியே அடைமழை. வானம் கும்மிருட்டாக இருந்தது.

எழுந்து பழைய சிஸ்டத்தைத் திறந்தபோது திரை ஓரத்தில் மணி ஒன்பது நாற்பது.

"பரவாயில்ல, நிறைய நேரம் இருக்கு," என்று வேலாயி சோம்பல் முறித்தது. வாசலில் வரிசை நனைந்துகொண்டு நின்றது.

"ரொம்ப நேரமா நிக்கிறோம்க்கா," என்றது பொன்னுத்தாய்.

"மணி இன்னும் பத்தாகல."

"பசிக்குது," என்றது பின்னால் நின்ற எறும்புதின்னி.

வேலாயி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டியது. எறும்புதின்னி மணியைப் பார்த்தது, தன் வயிற்றைப் பார்த்தது. தப்பு வயிற்றின் மேல்தான் என்று முடிவு செய்தது.

ஒவ்வொருவராகப் பாதத்தைத் துடைத்து, ரேகை எடுத்து, சரிபார்த்து வேலாயி நிதானமாக வேலை செய்தது. கடைசி ஆளும் முடிந்தபோது திரையில் பதினொன்று முப்பத்தைந்து. 'அனுப்பு' பொத்தானை அமுக்கியது.

'கால அவகாசம் மாலை ஐந்து மணியுடன் முடிவடைந்தது' என்று பதில் வந்தது.

"அதெப்படி," என்று வேலாயி மறுபடி அமுக்கியது. அதே பதில். அந்நேரம் மழை விட்டு மேகம் விலகியது. பதினொன்று நாற்பதுக்குச் சூரியன் மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது.

மாசிலாமணி ஓடி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தது. "பெட்டிக்குள்ள கடிகாரம் ஒண்ணுதான்க்கா. புதுசு அதுல எங்கேயோ வெளிநாட்டு மணியை எழுதி வெச்சிருக்கு. பழசு அதை நம்ம மணின்னு நெனச்சுக்கிச்சு. அஞ்சரை மணி நேர வித்தியாசம்."

பொன்னுத்தாய் கத்தவில்லை. "வரேன்க்கா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிற்று. அந்த ஒரு வார்த்தை வேலாயிக்கு உள்ளே போய்த் தைத்தது. இரண்டு நாள் அது கிழங்கைத் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை காவல் ஓநாய்கள் பட்டியலோடு வந்தன. அரசர் விருந்தினர் மாளிகை கட்டப் போகிறாராம். பட்டியலில் உள்ள வளைகளை எல்லாம் மூட வேண்டுமாம். பதிவு எண் ஒன்றிலிருந்து வேலையை ஆரம்பித்தன. ஆதாரத்தோடு பதிந்திருந்ததால் மாசிலாமணியால் அது தன் புற்று இல்லை என்று சொல்ல முடியவில்லை.

பொன்னுத்தாயின் வளை வாசலில் ஓநாய் நின்று பட்டியலை மேலும் கீழும் பார்த்தது.

"இது என்னது?"

"என் வளைங்க," என்றது முயல்.

"பட்டியல்ல இல்லியே. இல்லாத வளைய நான் எப்படி மூட முடியும்?" ஓநாய் வளையைத் தாண்டிப் போய்விட்டது. அப்படியே நாற்பத்தொரு வளையையும் தாண்டிப் போயிற்று.

மறுநாள் மூங்கில் புதரடியில் காடே கூடிவிட்டது. "முன்கூட்டியே எப்படிக்கா தெரிஞ்சுது?" என்று கேட்டது எறும்புதின்னி.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. கடிகாரம் தப்பு. நான் தூங்கிட்டேன்," என்றது வேலாயி.

"பெரியவங்க இப்படித்தான் அடக்கமாச் சொல்லுவாங்க," என்றது எறும்புதின்னி. எல்லோரும் தலையாட்டினார்கள்.

வேலாயியின் வளையில் ஓர் ஓரமாகக் குடியேறியிருந்தது மாசிலாமணி. அடுத்த வாரம் புது உத்தரவு வந்தது: விடுபட்டவர்கள் பதிய இன்னும் ஏழு நாள். நாற்பத்தொரு குடும்பமும் பழையபடி வேலாயி கடையில்தான் வரிசை கட்டின.

"ஒரே நிமிஷ வேலைக்கா, அந்தக் கடிகாரத்தைச் சரி பண்ணிடுறேன்," என்று கீரி விசைப்பலகையில் கை வைத்தது.

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பொன்னுத்தாயும் பார்த்தது. கீரி மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டது.

நீதி: குடியிருக்க ஒரு வளை போதும், அதைக் காப்பாற்றிக்கொள்ள, மணி தப்பாகக் காட்டும் லேப்டாப் ஒன்று வேண்டும்.