விளம்பரம் முடிந்ததும் எழுந்துவிடுவார்

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சானுக்கு,

இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. வலக்கையில் மாவுக்கட்டு போட்டிருப்பதால் இடக்கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் குடிபுகுந்த அன்று சுவரை அடைத்து ஒரு டிவி மாட்டிக் கொடுத்தீர்களே, வினையே அதில்தான். எட்டு மணித் தொடரில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் நாளுக்கொருவரைத் தீர்த்துக்கட்டுகிறான். உங்கள் தங்கை அழுதுகொண்டே பார்க்கிறாள். ஏழு வயது ஆகும் உங்கள் மருமகள் பென்சிலைக் கடித்துக்கொண்டு கண்கொட்டாமல் பார்க்கிறாள். போன வாரம் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். வகுப்பு டீச்சர் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார். "டீச்சர், நாளைக்கு உங்க கதைய முடிச்சிடுறேன்" என்று இவள் வாசலில் நின்று சொன்னாளாம். காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். விசாரித்தால், காகமும் அணிலும் சண்டை போடும் கதையைப் பாதியில் விட்டு, மீதியை யோசித்து முடித்து வரச் சொன்னதே டீச்சர்தான். அவரும் எட்டு மணித் தொடர் பார்க்கிறவர், அதனால் அரண்டுவிட்டார். எல்லோரும் சிரித்தோம். சரி, எப்படி முடிப்பாய் என்று இவளைக் கேட்டார்கள். அணில் காகத்தைப் பின்மண்டையில் போட்டு, மூட்டை கட்டி, கார் டிக்கியில் வைத்துக்கொண்டு போய்விட்டது என்றாள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

அன்றைக்கே கழற்றிவிடுவது என்று, அதில் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டூல் மேல் ஏறினேன். வீட்டில் நானும் மகளும் மட்டும். ஸ்டூல் வழுக்கி மல்லாந்து விழுந்தேன். மண்டையில் ரத்தம், மூச்சுப் பேச்சில்லை. டிவிக்கு ஒரு கீறல்கூட இல்லை. கண்ணைத் திறந்தால், என் மகள் சோபாவில் காலை ஆட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எதிர்வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டிருக்கலாமே கண்ணு என்று ஈனக்குரலில் கேட்டேன்.

"எதுக்குப்பா? விளம்பரம் முடிஞ்சதும் எழுந்துடுவீங்கல்ல? அந்தக் கண்ணாடிக்காரர் ரெண்டு தடவ எழுந்துட்டாரே."

மச்சான், கை வலி பெரிதில்லை. அந்தக் குரலில் பயமே இல்லை, அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. நான் நிஜமாகவே போய்ச் சேர்ந்திருந்தாலும், விளம்பரம் எப்போது முடியும் என்று என் பெண் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்திருப்பாள். அப்பனுக்காக அழத் தெரியாத பிள்ளையை வளர்த்துவிட்டேனே என்று மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. கும்பிட்டுக் கேட்கிறேன், உங்கள் மரச்சாமான் கடை வேனை எடுத்து வந்து அந்தச் சனியனை ஏற்றிக்கொண்டு போய்விடுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. அவர்கள் டிவி பக்கம் போகாமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
விளம்பரம் முடியுமுன் எழுந்துவிட்ட
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: கட்டுப் பிரிக்கும்வரை ஆபீசுக்குப் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், பொழுது போகாமல் எட்டு மணித் தொடரை நானும் கொஞ்சம் பார்க்க நேர்ந்தது. நேற்று கண்ணாடிக்காரன் மாடியிலிருந்து விழுந்தான். செத்தான் என்கிறாள் உங்கள் தங்கை. எழுந்துவிடுவான் என்கிறோம் நானும் மகளும். வெள்ளிக்கிழமைதான் தெரியும். அதற்குள் உங்கள் வேன் என் வாசலில் வந்து நின்றால், மச்சான், உங்கள் கதையை முடித்துவிடுவேன்.