மூன்று விரல் சந்து

என் மைத்துனர் அருள்நாதன் என் காரைத் தொடக்கூடாது. அறுபத்தெட்டாம் வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு நான் எடுத்த மாபெரும் தீர்மானம் இது.

அவர் மகளுக்குக் கல்யாணம். பெண்ணையும் மாப்பிள்ளையையும் கோயிலிலிருந்து வீட்டுக்கு அழைத்துவர என் கார் வேண்டுமாம். சரி, போகட்டும். ஓட்டப்போவது அவராம்! மனிதர் ஏற்கெனவே டிராக்டர் ஓட்டியவர்தான். நேராகத் தன் கிணற்றுக்குள் ஓட்டினார். டிராக்டரைத் தூக்கிவிட்டார்கள். கிணற்றுத் தண்ணீரில் டீசல் வாசம் இன்னும் போகவில்லை.

என் கார் வெள்ளைக்காரன் காலத்துக் கிழவி. இரண்டே கதவு. கண்ணாடி இரண்டும் மூன்று விரல் அளவுதான் இறங்கும். நின்றுவிட்டால் நாலு பேர் தள்ளவேண்டும். ஆனாலும் இண்டூரில் எனக்கு இருக்கும் ஒரே கௌரவம் அதுதான். அது கிணற்றில் மிதப்பதாக தினமும் கனவு வந்தது.

மைத்துனர் கேட்டால் மறுத்துவிடுவேன். என் மனைவி ராஜமேரி கேட்டால்? மறுத்துப் பழக்கமில்லை. அண்ணன் வீட்டில் அவள் இறங்கி உட்கார்ந்தால் பேச்சு கல்யாணத்துக்குப் போகும். அங்கிருந்து காருக்கு வரும். ஆகவே அவள் இறங்கவே கூடாது.

இடது கதவின் உள்கைப்பிடியை முன்னால் தள்ளினால் பூட்டு விழும். தள்ளினேன். பிறகு ஆணியைத் தட்டிக் கைப்பிடியையே உருவினேன். சதுரமாய் ஒரு இரும்புக் குச்சி மட்டும் மிஞ்சியது. இனி உள்ளே இருந்தும் திறக்காது, வெளியே இருந்தும் திறக்காது. கைப்பிடியை என் கறுப்பு ஷூவுக்குள் ஒளித்தேன். கிறிஸ்துமஸ் வந்தால்தான் அந்த ஷூ வெளியே வரும்.

"ஏங்க, இந்தக் கதவுல கைப்பிடியக் காணோம்?"

"பூட்டு ரிப்பேரு மேரி. சேலத்துல இருந்து சாமான் வரணும்."

"அதுவரைக்கும் நான் எப்பிடிங்க ஏர்றது?"

"எம் பக்கமா ஏறி நவுந்து உக்காந்துக்க."

ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் கம்பைநல்லூர் போவோம். மைத்துனர் வீட்டு வாசலில் காரை நிறுத்துவேன். இஞ்சினை நிறுத்தமாட்டேன். நானும் இறங்கமாட்டேன். நான் இறங்காமல் அவள் எப்படி இறங்குவாள்?

"எறங்குங்க மாப்ள! காப்பி குடிச்சிட்டுப் போலாம்."

"இஞ்சினு நின்னா தள்ளணும் மச்சான். இன்னொரு நாளைக்கு வரோம்."

கண்ணாடிக்கு மேலே இருக்கும் சந்தில் காப்பி டம்ளர் நுழையாது. அதிரசம் நுழையும். இஞ்சின் இரைச்சலில் கல்யாணப் பேச்சு நுழையாது. அதிரசத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

"சாமான் வந்துச்சாங்க?" என்பாள் ராஜமேரி.

"வரணும்."

அவள் அதிரசத்தைக் கடித்துக்கொண்டே என் பக்கத்துக் கதவைப் பார்ப்பாள். அவள் சத்தம் போட்டால் தாங்கிக்கொள்வேன். சும்மா இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு. பூசைக்கு நேரமாகிவிட்டது. அவள் முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தாள். நான் அவசரமாக ஏறி, கண்ணாடி விளிம்பைப் பிடித்து இழுத்துக் கதவைச் சாத்தினேன். கோயில் வாசலில் அவள் சந்து வழியாக ஏதோ சொல்ல, பாதிரியாரே வந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டார். எவ்வளவு மரியாதை என்று பூரித்துப்போனேன். சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கம்பைநல்லூர் வாசலில் கார் உறுமிக்கொண்டு நின்றது.

"ஏங்க, ஒங்க ஷூவுக்கு பாலிஷ் போட்டு வெச்சிட்டேன்."

"எந்த ஷூ?"

"அதாங்க, கறுப்பு ஷூ. கல்யாணத்துக்குப் போடணுமில்ல?"

மாதாவே! அவள் பையிலிருந்து கைப்பிடி வந்தது. குச்சியில் மாட்டினாள். திருகினாள். இறங்கினாள். கைப்பிடியை உருவிப் பையில் போட்டாள். உள்ளே இரும்போடு இரும்பு மோதி 'ணங்' என்றது. கதவைச் சாத்தினாள்.

இரும்போடு இரும்பா? என் பக்கத்துக் கதவைத் தடவினேன். சதுரக் குச்சி! பதற்றத்தில் கிளட்சிலிருந்து கால் நழுவியது. இஞ்சின் அணைந்தது.

"எறங்குங்க மாப்ள!" என்று மைத்துனர் என் கதவைத் திறக்கக் கை நீட்டினார்.

"தொடாதீங்க அண்ணா!" என்றாள் ராஜமேரி. "பூட்டு ரிப்பேரு. சேலத்துல இருந்து சாமான் வரணும்."

"அப்ப மாப்ள?"

"அவருக்குக் கார்ல இருக்கறதுதான் புடிக்கும். நீங்க வாங்க, கல்யாணத்தப் பத்திப் பேசலாம்."

வெளியே இருந்து திறக்கும் என்று நான் சொன்னால் என் பொய்யும் வெளியே வந்துவிடும். எல்லாரும் உள்ளே போனார்கள். வெயில் ஏறியது. கோழிக் குழம்பு வாசம் சந்து வழியாகத் தாராளமாக வந்தது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஹாரனை அழுத்தினேன். ராஜமேரி வந்தாள்.

"என்னாங்க?"

"வேகுது மேரி. தொற."

"எனக்கு வாரா வாரம் வெந்துதுங்களே. கல்யாணத்துக்குக் காரு?"

"தரேன்."

"ஓட்டறது?"

எதிரே கிணறு தெரிந்தது.

"நானே ஓட்டறனே?"

அவள் திரும்பி நடந்தாள்.

"மேரி! மேரி! சரி, மச்சானே ஓட்டட்டும்!"

"வாயில சொல்லிட்டு அப்புறம் மறந்துடுவீங்க. சாவியக் குடுங்க."

பாவம், மைத்துனர் எனக்காகக் காப்பி கொண்டுவந்தார். டம்ளர் அன்றும் அந்தச் சந்தில் நுழையவில்லை. சாவி நுழைந்தது.