இருட்டுக்காரரின் அகல லென்ஸ்

கரண்ட் போனால் கைதட்டிச் சிரித்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் சின்னமனூரில் எங்கள் எதிர்வீட்டில் ஸ்டூடியோ வைத்திருந்தார். அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று அவருக்கு நிச்சயம் இருந்திருக்கும். எழுபதுகளில் நான் அங்கே டீச்சர் வேலை பார்த்த வருஷங்களில் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஊருக்கு அவர் இருட்டுக்காரர்.

பகலில் பாஸ்போர்ட் படம், கல்யாணப் படம். ராத்திரியில் வானம். மலை மேல் தேயிலை எஸ்டேட்டை விட்டுப் போன ஒரு மேனேஜரிடமிருந்து வைடு ஆங்கிள் லென்ஸ் ஒன்றை வாங்கினாராம். பிடித்த கிறுக்கு அன்றைக்குப் பிடித்ததுதான் என்பார் அவர் மனைவி.

"சாதா லென்ஸ்ல ஒரு துண்டு வானந்தேன் டீச்சர் விழுகும். இது பாதி வானத்த ஒரே வாயில முழுங்கிரும்" என்று அந்த லென்ஸைக் கைக்குழந்தை மாதிரி துண்டில் சுற்றி வைத்திருப்பார்.

அதையே கல்யாண வீட்டுக்கும் கொண்டுபோனதுதான் வம்பு. குறுகலான கூடத்தில் இரண்டு வீட்டுச் சனத்தையும் ஒரே படத்தில் அடக்கிவிட்டார். ஆனால் ஓரத்தில் நின்றவர்கள் எல்லாம் பக்கவாட்டில் இழுபட்டுப் போனார்கள். மாப்பிள்ளையின் அத்தை படத்தோடு ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டார்.

"ஏம்ப்பா, நான் என்ன நெல்லுக் குதிர் கணக்காவா இருக்கேன்?"

"நீங்க ஓரத்துல நின்னுட்டீக ஆத்தா. நடுவுல நின்னிருந்தா ஒல்லியா விழுந்திருப்பீக."

"நடுவுல பொண்ணு மாப்பிள்ளையில்ல நின்னாக! நான் அங்கன போயி நிக்கவா?"

வெளிச்சம்தான் அவருக்கு ஜன்ம விரோதி. ராத்திரி கதவைத் தட்டி, "வாசல் லைட்ட அமத்துறீகளா, ஒரு அரமணி நேரம்" என்று கேட்பார். வீரபாண்டி அம்மன் திருவிழா வந்துவிட்டால் வடக்கு வானம் வெளுத்துக் கிடக்கும். ஊரே அக்கினிச்சட்டி எடுக்கப் போயிருக்கும். இவர் சாவு வீட்டில் உட்கார்ந்தவர் மாதிரி இருப்பார்.

"தெக்க பாத்தா லோயர் கேம்ப் பவர்ஹவுஸ் வெளிச்சம், வடக்க பாத்தா திருவிழா வெளிச்சம். ஆத்தாளுக்கு ஒரு வெளக்கு பத்தாதாக்கும்?"

"வாயில அடிங்க" என்று உள்ளேயிருந்து மனைவி கத்துவார். அவரும் மெதுவாக அடித்துக்கொள்வார்.

அவருக்கு ஒரே ஒரு படம் வேண்டியிருந்தது. நம் பக்கத்தில் துருவ நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டித்தான் தெரியும். பள்ளத்தாக்கு முழுதும் இருண்டு கிடக்க, அந்த நட்சத்திரத்தைச் சுற்றி மற்றவை வட்டம் போடுவதை, ராத்திரி பூராவும் ஷட்டரைத் திறந்து வைத்து ஒரே பிலிமில் பிடிக்கவேண்டும். அதற்கு எல்லா ஊரிலும் கரண்ட் போகவேண்டும். மேகமும் இருக்கக் கூடாது. பெரிய காற்று மழை இல்லாமல் அத்தனை ஊருக்கும் கரண்ட் போகாது. மழை வந்தாலோ மேகம் நகராது. வருஷக்கணக்காக இரண்டும் சேரவே இல்லை.

ஒரு கோடையில் சேர்ந்தது. சாயங்காலம் காற்று வாழைத் தோட்டங்களைப் புரட்டிப் போட்டது. மழை கொட்டியது. கம்பத்திலிருந்து தேனி வரை ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. பொழுது அடையும்போது வானம் கழுவி விட்டது போல் ஆகிவிட்டது. இருட்டுக்காரர் காமிராவோடு ஊருக்குப் பின்னாலிருக்கும் மொட்டைக் குன்றான கரட்டின் மேல் ஏறிவிட்டார் என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் என் மகள் வாசுகியைக் காணவில்லை.

எட்டு வயது. மார்க்கையன்கோட்டைப் பக்கம் தோழி வீட்டுத் தோட்டத்துக்குப் போயிருந்தாள். மழைக்கு முன்பே கிளம்பிவிட்டாள் என்றார்கள் அங்கே. குறுக்கு வழியில் வந்திருப்பாள். அந்த வழியில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் உண்டு. பகலிலேயே என் கை அவள் தோளைப் பிடித்துக்கொள்ளும் இடம் அது.

தெருவே திரண்டது. டார்ச், அரிக்கேன், பெட்ரோமாக்ஸ். ஆளுக்கொரு வரப்பில் ஓடினோம். "வாசுகி, வாசுகி" என்று எல்லாத் திசையிலும் ஒரே கூச்சல்.

கரட்டின் மேலிருந்து ஒரு குரல் சீறியது. "ஏலே, எவன்டா அவன்? வெளக்க அமத்துங்கடா! ரெண்டு மணி நேரமா தொறந்து வெச்சிருக்கேன்!"

என் கணவர் சத்தம் போட்டே பேசாதவர். அன்று தொண்டை கிழியக் கத்தினார். "அண்ணே, வாசுகியக் காணோம்ணே!"



பிறகு கரட்டு உச்சியில் பளீரென்று ஒரு வெள்ளை வெளிச்சம். கல்யாணத்துக்குப் பயன்படுத்தும் பிளாஷ். மறுபடியும் ஒன்று. மறுபடியும். பேட்டரி தீர்ந்தது போலும், நின்றுவிட்டது. சற்று நேரத்தில் அதே இடத்தில் நெருப்பு எரிந்தது. மழையில் கரட்டுச் செடியெல்லாம் ஊறிக் கிடந்தது. அங்கே காய்ந்தது என்று எது இருக்கும், எதை வைத்து எரிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

நாங்கள் அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் இறங்கி வந்துகொண்டிருந்தார். வேட்டி இல்லை. பட்டாபட்டி அண்டர்வேரும் சட்டையுமாக வந்தார். இடுப்பில் வாசுகி.

உட்கார்ந்திருந்த சாக்கையும், காமிராவை மூடும் கறுப்புத் துணியையும், கடைசியில் கட்டியிருந்த வேட்டியையும் கொண்டுபோன அரிக்கேனின் மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்தியிருக்கிறார்.

"எங்கடி இருந்தே?" என்றேன். 

"பம்ப்செட் ரூம்ல. மழ விட்டதும் வந்தேம்மா. இருட்டுல வழி தப்பிருச்சு. எங்கிட்டுப் பாத்தாலும் வெளக்கு ஓடுச்சு. ஒண்ணு பின்னாடி போனா, அது வேற பக்கம் போயிருச்சு. மேல எரிஞ்சது மட்டுந்தேன் நின்னுச்சு."



மறுநாள் புது வேட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன். பிலிமைக் கழுவிவிட்டிருந்தார். வெளிச்சம் பட்டு முழுதும் பாழாகியிருந்தது, பேருக்குக்கூட ஒரு நட்சத்திரம் இல்லை.

"என்ன டீச்சர், எட்டு முழம் கொண்டாந்திருக்கீக? எரிஞ்சது நாலு முழம். மிச்ச நாலு முழத்துக்கு இன்னொருக்கா மலையேறவா?"

"அண்ணே, அந்தப் படம்..."

"அத விடுங்க. பிள்ள தூங்குச்சா?"

"அவ தூங்கிட்டா. எனக்குத்தான் தூக்கம் வரல."

அவர் வேட்டியை மடித்து வைத்தார். 

அன்று ராத்திரியும் கரண்ட் வரவில்லை. மேகமும் இல்லை. அவர் கரட்டுக்குப் போயிருப்பார் என்றுதான் நினைத்தேன். வாசுகிக்குத் தண்ணீர் எடுக்க எழுந்தபோது ஜன்னல் வழியே பார்த்தேன். ஸ்டூடியோப் படியில் உட்கார்ந்திருந்தார். காமிரா இல்லை. தலை நிமிரவும் இல்லை. எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். விடியும்வரை அங்கேயே இருந்தார்.

நாங்கள் மதுரைக்கு மாறி வந்து வெகுநாளாகிறது. வாசுகி கல்லூரிக்குப் போகிறாள். அவள் வர நேரமானால் நான் ஜன்னலுக்குப் போய்விடுவேன். தெருவைப் பார்ப்பதற்கு முன்னால் எதிர்வீட்டுப் படியைப் பார்ப்பேன், அங்கே அவர் உட்கார்ந்திருக்கிறாரா என்று.