இரண்டு அங்குலம் பருக்கக் கோரி மைத்துனருக்கு ஒரு விண்ணப்பம்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை, தையல் மெஷின் மூவரும் சௌக்கியம். என் இடது முட்டியின் சௌக்கியத்தைக் கீழே தனியாக விவரித்திருக்கிறேன். அங்கே உங்கள் பசி எப்படி இருக்கிறது? நன்றாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் ஆசையாகத் தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, எல்லார் முன்னாலும் "இது சட்டையா, தலையணை உறையா?" என்று கேட்டீர்கள். நீங்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டீர்கள். அன்றைக்கு மெஷினை மூடி வைத்தவள் போன மாதம்தான் திறந்தாள். வகுப்பில் சேர்ந்து, காகிதத்தில் அளவு வரைந்து வெட்டப் படித்து, முதல் வேலையாக உங்களுக்கே சட்டை தைக்கிறாள். அடுத்த மாதம் நீங்கள் வரும்போது போட்டுப் பார்க்க வேண்டுமாம். "இதுவும் சரியா வரலன்னா மெஷினை வித்துடுவேன்" என்று சொல்லியிருக்கிறாள். சொன்னால் செய்வாள், உங்கள் தங்கையாயிற்றே.

வகுப்பில் ஒரு ஸ்கேல், ஒரு மூலைமட்டம், சட்டையில் கை சேரும் கைக்குழியை வரைய ஒரு வளைவு ஸ்கேல் வாங்கி வரச் சொன்னார்கள். வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். முப்பத்திரண்டு வருஷம் அச்சகத்தில் உட்கார்ந்து அடுத்தவர் பிழையைத் திருத்தியவன், நம்ம கை சும்மா இருக்குமா, நானே செஞ்சு தரேன்னு கிளம்பிட்டேன். மூலைமட்டத்துக்கு அசல் செங்கோணம் வேணுமே, வீடு முழுக்கத் தேடினதுல உங்க போட்டோ மாட்டியிருந்த சட்டம்தான் சரியா இருந்தது, அதுல ஒரு மூலையை அறுத்துக்கிட்டேன், நீங்க இப்போ அகராதிக்குள்ள பத்திரமா இருக்கீங்க. வளைவுக்குக் குக்கர் மூடியை வெச்சுப் பார்த்தேன், கைக்குழி பூசணிக்காய் மாதிரி வந்தது. அப்புறம் கண்ணாடி மாதிரி அடியில இருக்கிற கோடு தெரியணும்னு என் முட்டி எக்ஸ்ரேயை எடுத்து வளைவா வெட்டி அங்குலமும் போட்டுட்டேன். போன வாரம் டாக்டர் பழைய எக்ஸ்ரே எங்கேன்னு கேட்டார். கொடுத்தேன். வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துட்டு, முட்டி பரவாயில்லை, ஆனா பாதியைக் காணோமேன்னார்.

இதெல்லாம் போகட்டும். ஸ்கேலுக்கு ஒரு பிளைவுட் பட்டையை இழைச்சு, வீட்டுல கிடந்த பழைய துணி டேப்பைப் பக்கத்துல வெச்சு, அங்குலம் அங்குலமாக் கோடு போட்டேன். பிழையே கிடையாது, மூணு தடவை சரிபார்த்தேன். அவளும் அதை வெச்சே வரைஞ்சு, வெட்டி, காலர் வரைக்கும் வந்துட்டா. நேத்து குளியலறைக் கதவைச் சரிசெய்யத் தச்சர் வந்தார். பெருமையா என் ஸ்கேலால அளந்து எண்பதுன்னேன். அவர் இரும்பு டேப்பை இழுத்து எண்பத்து நாலுன்னார். ரெண்டையும் ஒண்ணா வெச்சுப் பார்த்துட்டு நிதானமாச் சொன்னார்: "சார், உங்க வீட்டு அங்குலம் கொஞ்சம் வசதியா இருக்கு."

அந்த டேப்பால்தான் நான் பன்னிரண்டு வருஷமாகப் பழைய பேப்பர்க் கட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். இழுத்து இழுத்து அது நீண்டுபோய்விட்டது.

ஆகவே, மார்பு நாற்பது அங்குலம் என்று நீங்கள் அளவு எழுதியனுப்பிய சட்டை நாற்பத்திரண்டில் இருக்கிறது. மறுபடி வெட்ட அந்தத் துணி கடையில் இல்லை. அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் என்னைத் திட்ட மாட்டாள், தன் கைதான் சரியில்லை என்பாள். மெஷினில் உட்கார்ந்து மெதுவாகப் பாடுகிறாள், மைத்துனரே. பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டில் கேட்காத பாட்டு அது. அடுத்த அறையில் காபியை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அவ்வளவு நிம்மதியாக இருக்கிறது.

கை நீளமாக இருந்தால் மடித்துவிட்டுக்கொள்ளலாம். உடம்பை மடிக்க முடியாது, நிரப்பத்தான் வேண்டும். இன்னும் நாலு வாரம் இருக்கிறது. வெட்கப்படாமல் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள், மத்தியானம் படுங்கள், மாடிப்படி ஏறாதீர்கள். எப்படியாவது இரண்டு அங்குலம் பருத்து வந்து சேருங்கள். குடும்பத்தார் அனைவருக்கும் என் அன்பு. உங்கள் உடம்பு மேலும் மேலும் விருத்தியாகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் வீட்டம்மா உங்கள் தங்கைக்கே போன் செய்தார்கள். நாற்பது என்பது உங்கள் பழைய டைரியில் இருந்த அளவாம். இன்றைய அளவு நாற்பத்திரண்டரையாம், தங்கையிடம் சொல்லக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறீர்களாம். நாற்பதில் தைத்த சட்டை இறுக்கிப் பிடிக்குமே என்று இவள் முகம் செத்துப்போனது. நான் சந்தோஷம் தாங்காமல் டேப் கதையை உளறிவிட்டேன். விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். "அப்போ சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்தாள். ஆகையால் மேலே சாப்பிடச் சொன்னதெல்லாம் ரத்து. மாடிப்படி ஏறுங்கள், அந்த அரை அங்குலத்தைக் குறைத்துவிட்டு வாருங்கள். ஸ்கேலை உடைத்துப் போடப் போனேன், பிடுங்கிக்கொண்டாள். பின்பக்கம் மையால் 'அண்ணனுக்கு மட்டும்' என்று எழுதி, உங்கள் போட்டோ இருந்த ஆணியில் மாட்டியிருக்கிறாள்.