விசிறியடக்கு படலம்

வாழ்க சிவகணேஷ்! பொருநைப் புனலாடிப் புளிச்சோறுண்டு வளர்ந்த திண்தோளான். பாளையங்கோட்டையில் உதிரி பாகங்களைக் கம்ப்யூட்டராகப் பூட்டித் தரும் சிறுகடை வேந்தன். ஸ்குரூடிரைவரே வேலாகக் கொண்டு கொதிநெஞ்சச் சில்லுகளை அடக்கியாளும் அடலேறு. அவன் வீரத்தைப் பாடுவோம். அழகைப் பாட வழியில்லை.

அவ்வீரன் மனம் பறிகொடுத்தது சித்ரலேகாவிடம். அவள், டவுன் மேலரத வீதியில் கம்ப்யூட்டர் ஜாதகம் கணிக்கும் சங்கரசுப்பிரமணியனின் ஒரே மகள். பெண் கேட்டுப் போனவனை அக்கோள்வல்லார் ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கும் ஒரு துயரம் இருந்தது. ஆழ்வார்குறிச்சியிலிருந்து பொருத்தம் பார்க்க வந்த பெண்வீட்டார் முன்னே, "மாங்கல்யம்" என்று அவர் வாயெடுத்த கணத்தில் பழைய கம்ப்யூட்டரின் ஃபேன் ஒப்பாரி வைத்துவிட்டது. அபசகுனம் என்று அத்தனை பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். அதன்பின் வாசல் வெறிச்சோடியது.

எனவே அவர் முழங்கினார்: "மாப்ளைன்னு இப்பமே கூப்பிட மாட்டேன். புதுசா ஒரு கம்ப்யூட்டர் பூட்டித் தாரும். பெட்டி இந்தப் பூஜை அலமாரிக்குள்ள அடங்கணும். மூச்சுச் சத்தம் வெளிய கேக்கப்பிடாது. ஒங்க ரெண்டு பேரு பொருத்தத்தையும் அதுலதான் பாப்பேன். பைய யோசிச்சுச் செய்யும் வே!"

அலமாரியோ ஒரு முழ அகலம்கூட இல்லை. பாபநாசத்து அணை திறந்தாற்போல் வியர்வை பெருக, கொற்கைத் துறையில் கலங்கள் முட்டினாற்போல் ஒயர்கள் முட்ட, கோட்டை வாயிலில் யானையைக் குறுக்கே நுழைப்பான்போலப் பவர் சப்ளையைப் பக்கவாட்டில் செருகி, தகரம் வெட்டித் தன் விரலும் வெட்டி, அரையடிப் பெட்டியொன்று சமைத்தான் சிவகணேஷ். இடம் குறுகவும் ஃபேன் ஊளையிட்டது. ஃபேனைத் தணித்தால் சில்லு கொதித்தது. துளையிட்டால் துளை வழியே ஊளை கிளம்பியது. துளையை அடைத்தால் மறுபடியும் கொதித்தது. இறுதியில், நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு ஃபேனின் ஒயரையே பிடுங்கி எறிந்தான். பொருத்தம் பார்க்கும் நேரம் வரைக்கும் தாங்கிவிடும் என்பது அவன் போர்த்தந்திரம்.

நல்ல நேரம் வந்தது. பெட்டி அலமாரிக்குள் புகுந்தது. திரை மட்டும் மேசைமேல் ஒளிர்ந்தது. ஆகா, என்ன அமைதி! ஆழ்கடலும் நாணும் அமைதி! மனம் குளிர்ந்த சங்கரசுப்பிரமணியன், நல்ல காரியமாயிற்றே என்று, ஐந்துமுக விளக்கை ஏற்றிப் பெட்டியின் தலைமேலேயே வைத்தார், சூடமும் கொளுத்தினார், பக்தியோடு கதவைச் சாத்தினார். எரிமலைக்குப் போர்வை போர்த்திய அச்செயல் கண்டும் சிவகணேஷ் கைகட்டி நின்றான். ஃபேன் இல்லையென்று எப்படிச் சொல்வான்!

தினம் உத்தமம், கணம் உத்தமம் என்று பத்தில் எட்டுப் பொருத்தங்கள் வெற்றிக்கொடிகளாய்த் திரையில் ஏறின. ஒன்பதாவது ரஜ்ஜு, தாலி நிலைக்குமா என்று சொல்லும் பெரும்பொருத்தம். அங்கே உறைந்தது திரை.

"பாத்தீரா வே! ரஜ்ஜுவுல வந்து நின்னுட்டு! கிரகம் தடுக்குது!" என்று இடித்தார் சங்கரசுப்பிரமணியன். திசைகள் எட்டும் அதிர, கோள்கள் ஒன்பதும் கைகொட்டிச் சிரிக்க, வேரற்ற மருதமரம்போல் சிவகணேஷ் சுவரில் சாய்ந்து, வாழ்வும் தொழிலும் காதலும் ஒருசேரப் புகைவதைக் கதவிடுக்கில் கண்டு கண்மூடிய அவ்வேளை—

சித்ரலேகா அலமாரியைத் திறந்து, விளக்கைத் தூக்கித் தரையில் வைத்து, கடகடவென்று ஆடும் டேபிள் ஃபேனைப் பெட்டிக்கு நேரே போட்டுவிட்டு, "மிச்சம் ரெண்டையும் பாருங்கப்பா" என்றாள்.